ஆறு விநாடி விளக்கு

மண்ணரையில் ஊத்துக்குளிச் சாலையை விட்டுப் பிரியும் ஒரு குறுகிய வீதியில், இரவும் பகலும் இரைந்துகொண்டிருக்கும் இரண்டு நிட்டிங் கொட்டகைகளுக்கு நடுவே, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவில் அமைந்த ஓர் அறையில் உட்கார்ந்து, வட்டப் பின்னல் யந்திரங்களின் மின்னணுப் பலகைகளைச் செப்பனிடுவதையே ஜீவனோபாயமாகக் கொண்டு நான் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் கழித்துவிட்டேன். ‘போர்டு பார்க்கிறவர்’ என்று சொன்னால்தான் எங்கள் வீதியில் என்னை அடையாளம் தெரியும். இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த பெரும் பாக்கியம் என்னவென்றால், செய்த வேலையின் குணதோஷத்தைத் துணி உடனுக்குடன் சொல்லிவிடும் என்பதே. 30 அங்குல விட்டமும் 24 கேஜும் கொண்ட யந்திரமொன்றில் 2,200-க்கும் மேற்பட்ட ஊசிகள் வட்டமாக நின்று பின்னுகின்றன. அவற்றில் ஒரேயோர் ஊசியின் கொக்கி வளைந்திருந்தாலும், குழாய்போல் இறங்கிவரும் துணியில் மேலிருந்து கீழாக ஒரு கோடு விழுந்து, இன்ன இடத்தில் கோளாறு என்று காட்டிக்கொடுத்துவிடும். நூல் அறுந்தவுடன் யந்திரத்தை நிறுத்தவேண்டிய ஸ்டாப் மோஷனை நான் சரிசெய்து மாட்டினால், அது மெய்யாகவே நிறுத்துகிறதா என்று அறிய வேறெந்தக் கருவியையும் தேடுவதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தின் நூல் ஒன்றை என் கையாலேயே அறுத்துவிடுவேன். சிவப்பு விளக்கு எரிந்து யந்திரம் நின்றுவிட்டால் கூலியை வாங்கிக்கொண்டு நிம்மதியாக வீடு திரும்பலாம். அறுத்துப் பார்க்க முடியாத நூல் ஒன்று உண்டென்று எனக்குத் தெரியவந்தது 2012-ஆம் ஆண்டின் கோடையில், என் தாய்மாமனுடைய காரின் மூலமாகத்தான்.

அதற்கு முந்திய ஆண்டு திருப்பூருக்குக் கஷ்டகாலமாக இருந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பல காலம் நடத்திய வழக்கின் முடிவாக, 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. ஆற்றைப் பார்த்து வளர்ந்தவன் என்ற முறையில் அந்த உத்தரவில் நியாயம் இருந்ததை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. என் பால்யத்தில் அந்த நீர் நாளுக்கொரு நிறமாக ஓடியதை இந்தக் கண்களாலேயே பார்த்திருக்கிறேன். ஆயினும், சாயம் ஏறாத துணியைப் பின்னி யாது பயன் என்று நிட்டிங் கொட்டகைகளும் ஒவ்வொன்றாக ஓசை அடங்கிப்போனதால், என் மேஜைமீது வேலை அருகிவிட்டது. அந்த நிர்ப்பந்தத்தினால்தான், ஊத்துக்குளிச் சாலையில் கார் பட்டறை வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த கார்ப் பலகைகளை நான் தொடத் துணிந்தேன். கண்ணாடியை ஏற்றி இறக்கும் பலகை, முகப்பு மீட்டர், ஏ.சி.யின் கட்டுப்பாட்டுப் பலகை என்று ஒவ்வொன்றாகப் பழகினேன். அவையெல்லாம் துணியைப் போலவே உண்மை பேசுபவை. கண்ணாடி ஏறினால் ஏறியது, ஏறாவிட்டால் ஏறவில்லை.

அவ்வாண்டு நவம்பர்த் தொடக்கத்தில் பெய்த பேய்மழையில் ஜம்மனை ஓடை கரைமீறிப் பெருகி, ஓடையோரத்துக் குடிசைகளையும் மனிதர்களையும் வாரிக்கொண்டு போனது திருப்பூர்வாசிகள் எவருக்கும் மறக்கக்கூடியதன்று. செக்கிங் கான்ட்ராக்ட் எடுத்து நடத்திவந்த என் மாமாவின் வீடு ஓடைக்குச் சற்று மேட்டில் இருந்தமையால் உயிருக்கும் வீட்டுக்கும் சேதமில்லை. வாசலில் நின்ற கார் மட்டும் அன்றிரவு முழுவதும் இருக்கைமட்டம் வரையில் கலங்கல் நீரில் நின்றது. வாங்கி இரண்டு ஆண்டுகளே ஆன கார். முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் உள்ள உயர்ந்த வகையாகப் பார்த்து, கூடுதல் பணம் கொடுத்து, அத்தை சொன்னதற்காகவே வாங்கியிருந்தார். தண்ணீர் வடிந்த பிறகு பட்டறையில் விட்டு, எண்ணெய் மாற்றி, இருக்கைகளை வெயிலில் காயவைத்து, கார் ஓடத் தொடங்கியதும் மாமா அந்த விஷயத்தை மறந்துவிட்டார். ஐந்து மாதம் கழித்துப் பங்குனியில் ஒருநாள், மீட்டர்ப் பலகையில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு மனிதன் உட்கார்ந்திருப்பது போன்ற அந்தச் சிவப்பு ஏர்பேக் விளக்கு எரிந்தது, அணையவில்லை.

அந்த விளக்கின் தர்மம் வேறு எந்த விளக்கைப் போலவும் இருப்பதில்லை. சாவியைத் திருப்பியதும் அது எரியவேண்டும். ஆறு விநாடி அளவுக்கு எரிந்து, பின்னர் தானாக அணையவேண்டும். எரியாமலே இருந்தாலும் கோளாறு, அணையாமல் இருந்தாலும் கோளாறு. அந்த ஆறு விநாடிக்குள் உள்ளே இருக்கும் கட்டுப்பாட்டுப் பெட்டி தன் அவயவங்களையெல்லாம் தானே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறது: ஒவ்வொரு காற்றுப்பைக்கும் போகும் கம்பியின் தடை சரியாக இருக்கிறதா, அவசரத்துக்கென்று மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் கெப்பாசிட்டர் நிரம்புகிறதா, அதிர்ச்சியை உணரும் நுண்ணிய சில்லு அசைத்தால் அசைகிறதா என்று. யாவும் சரியென்றால் விளக்கை அணைத்து வண்டியை விடைகொடுத்து அனுப்புகிறது.

கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் பெட்டியையே மாற்றவேண்டும், இருபதினாயிரத்துக்கு மேல் ஆகும், வெளியூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வேறொரு பட்டறையில், அந்த விளக்கின் கம்பியை எஞ்சின் எண்ணெய் எச்சரிக்கை விளக்கின் கம்பியோடு சேர்த்து முடிந்துவிட்டால் இரண்டும் ஒன்றாக எரிந்து ஒன்றாக அணையும், ஐந்நூறு ரூபாய் கொடுத்தால் போதும் என்றார்கள். இரண்டையும் கேட்டுக்கொண்டு மாமா என்னிடம் வந்து, “ஏம் மாப்ளே, ஐநூறுல முடியறத எதுக்கு இழுத்துக்கிட்டு? வண்டி நல்லாத்தான ஓடுது?” என்றார். அவர் மீது எனக்குக் கோபம் வரவில்லை. ஓடுகிற வண்டியில் எரிகிற விளக்கை அணைப்பதுதான் காரியம் என்று நினைப்பது யாருக்கும் இயல்பே. ஆனால், அந்த முடிச்சைப் போட்டுக்கொடுக்கும் கையை மட்டும் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. காவல்காரன் ‘அபாயம்’ என்று கூவும்போது அவன் வாயைப் பொத்தி, ‘எல்லாம் க்ஷேமம்’ என்று வேறொருவன் குரலில் சொல்லவைக்கும் வேலை அது. “உட்டுட்டுப் போங் மாமா, நாம் பாக்கறேனுங்” என்று சாவியை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் நான் வண்டியைத் தொடவேயில்லை; படித்தேன், கேட்டேன். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தைச் சேர்ந்த ஜான் ஹெட்ரிக் என்பவர் 1952-இல் மனைவியோடும் சிறு மகளோடும் காரில் போகும்போது, எதிர்ப்பட்ட தடைக்காக வண்டியை ஒடித்துத் திருப்பிப் பள்ளத்தில் இறக்க நேர்ந்தது. அந்த க்ஷணத்தில் தம்மையறியாமல் அவரும் மனைவியும் கையை நீட்டி, நடுவிலிருந்த குழந்தையின் மார்பை மறைத்தார்கள் என்றும், அந்தக் கையின் வேலையைச் செய்யும் பொருளொன்று வண்டியிலேயே இருந்தால் என்ன என்ற சிந்தனையிலிருந்து 1953-இல் அவர் காப்புரிமை பெற்ற காற்றுப்பை பிறந்தது என்றும் அறிந்தபோது, சங்ககிரி பஸ்ஸில் பிரேக் அடிக்கும்போதெல்லாம் என் மார்பின் குறுக்கே வந்து விழும் என் தாயாரின் வளையல் கை எனக்கு ஞாபகம் வந்தது. கையை நீட்டுவது சுலபம்; தருணம் அறிந்து நீட்டுவதுதான் சூட்சுமம். மோதலை உணரும் சிறு கருவியை ஆலன் பிரீட் என்பவர் 1960-களில் அமைத்துக் காட்டிய பிறகும், இந்த ஏற்பாடு செம்மைப்பட்டு மெர்ஸிடிஸ் பென்ஸ் கார்களில் ஏறுவதற்கு 1980 ஆகிவிட்டது. நம் நாட்டில் ஓட்டுநருக்காவது ஒரு பை இருந்தே தீரவேண்டும் என்ற சட்டம் 2019 ஜூலை முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. நான் சொல்லும் காலத்தில் அது செல்வந்தர் வீட்டுப் பொருள்.

மோதிய கணத்திலிருந்து பை முழுதும் உப்பி நிற்பதற்கு ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்குகூட ஆவதில்லை. அதற்குள் பெட்டியானது, இது பள்ளத்தில் விழுந்த அதிர்ச்சியா, பிராணனைக் கேட்கும் மோதலா என்று தீர்மானித்து, பைக்குப் பின்னாலிருக்கும் சிறு வெடிமருந்துக் குப்பிக்கு மின்சாரம் அனுப்பியாகவேண்டும். ஏறத்தாழ ஒன்றேகால் ஆம்பியர் மின்சாரம் ஒரு விநாடியின் ஐந்நூறில் ஒரு பங்கு நேரம் பாய்ந்தால் போதும், அந்த மருந்து பற்றிக்கொள்ளும். இதனாலேயே இந்த வேலையில் சில விரதங்கள் உண்டு. பேட்டரியின் கம்பியைக் கழற்றிய பிறகும், கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியும் வரை பத்து நிமிஷமாவது காத்திருக்கவேண்டும். மஞ்சள் நிறச் சொருகி எதையும் அதற்கு முன் தொடலாகாது. நம் கையிலிருக்கும் மீட்டரைப் பையின் முனைகளில் ஒருபோதும் வைக்கக் கூடாது, ஏனெனில் தடையை அளக்க மீட்டர் அனுப்பும் சிறு மின்சாரமே வினையாகலாம். பைக்குப் பதிலாக இரண்டு ஓம் தடை ஒன்றைச் சொருகி, பெட்டியை ஏமாற்றித்தான் சோதிக்கவேண்டும். பை இருக்கும் பக்கம் முகத்தைக் கொண்டுபோகாமல், பக்கவாட்டில் நின்றே வேலை செய்யவேண்டும்.

சித்திரை முதல் ஞாயிறன்று, பட்டறைக்காரரிடம் இரவல் வாங்கிய ஸ்கேனரைச் சொருகிப் பார்த்தேன். இரண்டு கோளாறுகள் பதிவாகியிருந்தன: ஒன்று, பயணி பக்கத்துப் பையின் தடை அதிகம் என்பது, மற்றொன்று, பெட்டியின் உள்ளேயே சேமிப்பு மின்னழுத்தம் போதவில்லை என்பது. ஸ்டீயரிங்கின் அடியில் சுருண்டிருக்கும் நாடாக் கம்பி அறுவது சாதாரணமாக வரும் கோளாறு என்றும், அப்படியானால் ஹாரனும் சேர்ந்து ஊமையாகிவிடும் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். மாமாவின் ஹாரன் வீதி அதிரக் கூவியது, பழியும் ஓட்டுநர் பக்கத்தின்மேல் இல்லை. பயணி பக்கத்துச் சொருகியைக் கழற்றி அங்கே தடையைச் சொருகினேன். கோளாறு அப்படியே இருந்தது. ஆகவே பை குற்றமற்றது. குற்றம் கம்பியிலோ பெட்டியிலோ இருந்தது. கியருக்கு முன்னால் தரைமேட்டின்மீது பொருத்தியிருந்த பெட்டியை அடைவதற்காக நடுப்பெட்டகத்தைப் பிரித்து விரிப்பைத் தூக்கியபோது, ஐந்து மாதத்துக்கு முன் வந்த வெள்ளம் அங்கே இன்னும் குடியிருந்ததைக் கண்டேன். விரிப்பின் அடிப்பஞ்சு ஈரம் உலராமல், ஜம்மனை ஓடையின் வண்டலை ஒரு விரல் கனத்துக்குத் தாங்கிக்கொண்டிருந்தது. மேலே அத்தை ரோஜா வாசனைத் திரவியம் வைத்திருந்தார். கீழே ஓடை நாறியது.

பெட்டியின் சொருகியில் இரண்டு முனைகள் பச்சை பூத்திருந்தன. அவற்றைச் சுத்தம் செய்து உலர்த்திச் சொருகியதும் முதல் கோளாறு போய்விட்டது. இரண்டாவது போகவில்லை. பெட்டியைக் கழற்றி மண்ணரைக்குக் கொண்டுவந்து, மேஜைவிளக்கின் கீழ் அதன் அடித்தகட்டைத் திறந்தேன். உள்ளங்கை அகலப் பலகை. அதன்மேல் ஈரம் தாக்காமலிருக்கப் பூசிய கண்ணாடி போன்ற பூச்சு. சொருகிக்கு அருகில் மட்டும் அந்தப் பூச்சு மெலிந்து, அதன் ஓரமாக உப்புப் பூத்தாற்போல் வெண்பச்சைப் பொடி. காரின் 12 வோல்ட்டை முப்பதுக்கும் மேலாக உயர்த்திக் கெப்பாசிட்டருக்குக் கொடுக்கும் சிறு கம்பிச்சுருள் (காயில்) ஒன்றின் கால், பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, கறையான் தின்ற நிலைக்காலைப் போல் உள்ளுக்குள் அரிக்கப்பட்டு, பெயருக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி அறுந்துபோகும்படியான பெரிய மோதலிலும் பையை வெடிக்கச் செய்வதற்கென்றே அந்தச் சேமிப்பு இருக்கிறது. அது நிரம்பாத பெட்டி, கடைசி நேரத்தில் கைவிடக்கூடிய பெட்டி.

பூச்சைச் சுரண்டி, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தூரிகை தோய்த்துக் கழுவி, அதே அளவுள்ள காயிலைத் தேடிப் பற்றவைத்து, இணைத் தடங்களைச் செப்பனிட்டு, மறுபடி பூச்சுப் பூசி, ஒருநாள் முழுதும் உலரவிட்டேன். மறுநாள் மாலை, எல்லாப் பைகளுக்கும் பதிலாகத் தடைகளைச் சொருகி மின்சாரம் கொடுத்தபோது, மீட்டரின் எண் பன்னிரண்டிலிருந்து இருபது, இருபத்தெட்டு, முப்பத்துமூன்று என்று ஏறி அங்கே நின்றது. விளக்குக்காக நான் கட்டியிருந்த சிறு பல்பு எரிந்தது, ஒன்று, இரண்டு என்று எண்ணினேன், ஆறில் அணைந்தது. பத்துமுறை செய்தேன், பத்துமுறையும் அணைந்தது. மாமாவுக்குப் போன் செய்யக் கையை நீட்டியவன், செய்யாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த கொட்டகையில் அப்போதுதான் யாரோ ஒரு யந்திரத்தை ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூல் அறுந்து, விளக்கு எரிந்து, யந்திரம் நின்றது, மறுபடி ஓடியது. என் மேஜையிலிருந்த பெட்டிக்கு அந்தப் பரீட்சையை நான் எப்படிக் கொடுப்பேன்? மருந்தைப் பற்றவைக்கும் டிரான்ஸிஸ்டர், சொன்ன நேரத்தில் திறக்குமா என்பதை மெய்யாகத் திறந்துபார்த்தல்லவா அறியவேண்டும்? கழுவிய பலகையில், சில்லுகளின் அடியில் என் தூரிகை நுழையாத மயிரிழை இடைவெளிகளில், ஓடையின் உப்பு ஒரு துளி தங்கியிருந்தால் அது இன்னும் எத்தனை மாதம் மௌனமாக அரித்துக்கொண்டிருக்கும்? இந்தப் பெட்டி சரியாக வேலை செய்ததா என்பதற்குச் சாட்சி கிடைக்கும் ஒரே நேரம், அத்தை முன்னிருக்கையில் உட்கார்ந்திருக்க வண்டி எதிலோ மோதும் நேரம். அந்தச் சாட்சியத்தைக் கேட்டுவிட்டு என் வேலையைத் திருத்திக்கொள்ள எனக்கு வாய்ப்பிருக்காது. இருபத்தைந்து ஆண்டுத் தொழிலில் செய்து முடித்த வேலையைக் கண்டு நான் அஞ்சியது அந்த ஒரு மாலையில்தான்.

இதற்கிடையே, சென்னைப் புதுப்பேட்டையில் பழைய பாகங்கள் விற்கும் கடையிலிருந்து, அதே வகைக் காரின் பெட்டி ஒன்றைப் பட்டறைக்காரர் லாரி பார்சலில் வரவழைத்திருந்தார். அதனோடு, ஏற்கெனவே விரிந்த பை ஒன்றையும் சணற்கயிற்றால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பெட்டியை மேஜையில் இணைத்து ஸ்கேனரில் படித்தேன். மோதல் பதிவாகியிருந்தது, ஓட்டுநரின் பையும், பெல்ட்டை இழுத்து இறுக்கும் மருந்தும் எரிந்ததாகப் பதிவு, அதற்குமேல் தன்னை மீண்டும் பயன்படுத்தலாகாது என்று பெட்டி தானே பூட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பதிவை நினைவுச் சில்லிலிருந்து அழித்துவிட்டு, புதிது போல் மாட்டும் வித்தை இந்தத் தொழிலில் பலருக்குக் கைவந்தது. அதற்குரிய கருவி என்னிடமும் உண்டு. ஆனால் யாரோ ஒருவர், எந்தச் சாலையிலோ, எந்த வேளையிலோ மோதியதும், அவருக்காக இந்தப் பெட்டி கையை நீட்டியதும் அதில் எழுதப்பட்டிருந்தன. பரீட்சிக்க முடியாத பொருள் என்று நான் தவித்த பொருளுக்கு, என் ஆயுளில் கிடைத்த ஒரே சாட்சி அது. அழிக்க மனம் வரவில்லை.

பையை எடுத்து, பக்கத்து பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரிடம் காட்டினேன். துணியைத் தொட்டே கிராம் எடை சொல்லக்கூடிய மனிதர். விரல்களுக்கிடையே தேய்த்தார், குறுக்கே இழுத்தார், வெளிச்சத்துக்கெதிரே பிடித்தார். “இது நம்மூர்த் துணியில்லீங்ணா, தறித் துணிங். இழுத்தா ஒரு நூல்கூடக் கொடுக்க மாட்டீங்குது” என்றார். உண்மைதான்; பின்னல் துணிக்கு நெகிழ்ச்சியே உயிர், இந்தப் பைக்கோ நெகிழாமையே உயிர். நைலான் 66 இழையில் நெருக்கமாக நெய்து, உட்புறம் சிலிகான் பூசி, முகத்துக்கு நேரே அளவுக்குமேல் பாய்ந்துவிடாதபடி உள்ளே பட்டைகள் வைத்துத் தைத்திருந்தார்கள். பின்புறம் இரண்டு துளைகள். மனிதன் வந்து சாய்ந்ததும் அவற்றின் வழியாகக் காற்று வெளியேறி, பை மெல்ல அமிழவேண்டும். அமிழாவிட்டால் சுவரில் மோதியது போலாகிவிடும். மாஸ்டர் தையலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “யாரோ நல்ல டெய்லருங்” என்றார். பையின் நடுவே, மங்கலாக, உதட்டுச் சாயமோ இரத்தமோ என்று தெரியாத ஒரு கறை இருந்தது. அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

அன்றிரவே மாமா வீட்டுக்குப் போனேன். “பெட்டியச் செரி பண்ணிப்போட்டனுங் மாமா. வெளக்கும் அணையுது. ஆனா அத்த உக்கார்ற வண்டில அத மாட்ட எனக்குத் தைரியமில்லீங்” என்றேன். மாமா கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். “நீ செஞ்சதுலயே உனக்கு நம்பிக்கை இல்லையா மாப்ளே?” என்று கேட்டார். அவர் கேட்டதில் குத்தல் இல்லை, கவலைதான் இருந்தது. நூலை அறுத்துப் பார்க்கும் கதையைச் சொன்னேன். அவர் பனியன் தொழிலில் முப்பது வருஷம் இருந்தவர், மேற்கொண்டு விளக்கவேண்டியிருக்கவில்லை. மறுநாளே சர்வீஸ் நிலையத்தில் பணம் கட்டிப் புதுப்பெட்டிக்குச் சொல்லிவிட்டார். சாயப்பட்டறைகள் மூடியிருந்த அந்தக் காலத்தில் அவருக்கு அது சிறு தொகையன்று.

பெட்டி வந்து சேர மூன்று வாரம் ஆயிற்று. அதுவரை வண்டி உள்ளூரில் மட்டும் ஓடவேண்டும், எரிகிற விளக்கு எரிந்தபடியே இருக்கவேண்டும், ஏறியவுடன் பெல்ட் மாட்டவேண்டும் என்று மூன்று நிபந்தனை விதித்தேன். பெல்ட்டுக்குத் துணையாக வந்ததே இந்தப் பை; பெல்ட் இல்லாமல் முன்னால் பாய்ந்துவரும் உடலை, அத்தனை வேகத்தில் விரியும் பையே காயப்படுத்திவிடக்கூடும். மாமா அதுவரை பெல்ட்டைப் போலீஸ்காரரைக் கண்டால் மட்டும் மார்பின் குறுக்கே பிடித்துக்கொள்பவர்.

புதுப்பெட்டியை நானே மாட்டினேன். தரைமேட்டில் வண்டலைச் சுரண்டி, துருவை நீக்கி, பெட்டியின் அடி உலோகத்தோடு நன்கு படியும்படி செய்து, அதன்மேல் பொறித்திருந்த அம்புக்குறி வண்டியின் முன்புறத்தை நோக்கியிருக்கிறதா என்று இருமுறை பார்த்து, ஆணிகளை அளவுக்கருவி வைத்து முறுக்கினேன். அந்த ஆணிகளின் வழியாகத்தான் பெட்டி வண்டியின் உடலை உணர்கிறது. ஓர் ஆணி தளர்ந்திருந்தாலும் அதற்குக் காது மந்தமாகிவிடும். விரிப்பின் பஞ்சையும் முழுவதுமாக மாற்றினோம். பின்னர் மாமாவை ஓட்டுநர் இருக்கையில் உட்காரவைத்துச் சாவியைத் திருப்பச் சொன்னேன். அவர் விரல்விட்டு உரக்க எண்ணினார். ஆறில் விளக்கு அணைந்தது. மூளிக்குளத்துக் கரைவரையில் குண்டும் குழியுமான பாதையில் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பினோம், மறுபடியும் எண்ணினார்.

அந்தக் கார் எட்டு ஆண்டு அவரிடம் இருந்து, எதிலும் மோதாமல், பிறகு தாராபுரம் பக்கத்து ஒருவருக்குக் கைமாறியது. விற்கும்போது, பெட்டி மாற்றிய ரசீதை மாமா வண்டிக் காகிதங்களோடு சேர்த்துக் கொடுத்தார். வாங்கியவருக்கு ஆறு எண்ணவும் சொல்லிக்கொடுத்தாராம்.

நான் செப்பனிட்ட பெட்டியின் சொருகி முனைகளைக் கத்தரித்து, எவரும் எந்த வண்டியிலும் மாட்ட முடியாதபடி ஆக்கிவிட்டேன். புதுப்பேட்டையிலிருந்து வந்த பெட்டி மட்டும், அழிக்காத பதிவோடு என் அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஆயுத பூஜையன்று பற்றவைக்கும் கோலுக்கும் மீட்டருக்கும் சந்தனம் வைத்து வரும்போது, அதையும் இறக்கித் துடைத்து, அதன் அம்புக்குறியின் நுனியில் ஒரு குங்குமப் பொட்டு வைப்பேன்.